பிழை வரம்பு

முப்பத்தெட்டு வருடம்
தார்த்து சந்தையில் தராசுகளுக்கு முத்திரை வைத்தவன் நான்.
கிலோவுக்கு ஐந்து கிராம் தப்பியதென்று
மீன்காரி லெய்டாவின் தராசைக்கூடப் பூட்டியிருக்கிறேன்.
எமயோகி ஆறு உறைந்து, மறுபடி உருகும்வரை
அவள் என்னோடு பேசவில்லை.

நேற்று டாக்டர் மார்யு
இரும்புப் பிடி ஒன்றை நீட்டி, அழுத்துங்கள் என்றாள்.
இருபத்து மூன்று.
"உங்கள் கருவியின் முத்திரை
போன மார்ச்சிலேயே காலாவதி" என்றேன்.
"கைக்கும் அதே மார்ச்தானோ?" என்றாள்,
சிரிக்காமல்.

பிறகு நாற்காலி.
கைகளை மார்பில் கட்டிக்கொண்டு
அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறேன்?
ஒன்பது.
பத்தாவது, பாதி வழி போய்த் திரும்பி வந்தது.

"என்ன சாப்பிடுகிறீர்கள்?"
காலையில் கறுப்பு ரொட்டி. மதியம் உருளைக்கிழங்கு.
இரவில், மதியத்து உருளைக்கிழங்கு.
வைக்கே போனபின்
ஒற்றை ஆளுக்கு எதற்கு வாணலி?

எழுபது கிலோ ஆள் நீங்கள்,
கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும்,
ஒன்று புள்ளி இரண்டு என்றால் இன்னும் நல்லது,
சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, பயமில்லை என்றாள்.
"வாலிபனுக்கு?"
"புள்ளி எட்டு போதும் என்பார்கள்."
"தேய்கிறவனுக்கு ஏன் கூடுதல்?"
"காது மந்தமானவர் வீட்டில்
கதவை உரக்கத்தானே தட்ட வேண்டும்?
வயதான தசையும் அப்படி."
"சரி, ஒன்றா, ஒன்று புள்ளி இரண்டா?"
"அதில் இன்னும் சண்டை போடுகிறார்கள்."

ஐந்தில் ஒரு பங்கு பிழை!
நானாக இருந்தால்
கடையையே இழுத்து மூடியிருப்பேன்.

இரவு, பித்தளை எடைக்கற்களை எடுத்துத் துடைத்தேன்.
நூறு கிராம் தயிர்க்கட்டி.
பன்னிரண்டு கிராம் புரதம் என்கிறது பொட்டலம்.
அந்தப் பன்னிரண்டைத் தனியே காட்ட
என்னிடம் தட்டில்லை, முள்ளில்லை.
முத்திரை பார்க்காமல்
வாழ்நாளில் முதல்முறையாக
ஒன்றை நம்பி விழுங்கினேன்.
புளிப்பாக இருந்தது.

இன்று காலை சந்தைக்குப் போனேன்.
லெய்டா இன்னும் அங்கேதான்,
இரண்டு கம்பளிச் சட்டைக்குள்.
அரைக் கிலோ புகையூட்டிய ஹெர்ரிங் கேட்டேன்.
அளந்தாள்.
பிறகு என் கன்னங்களைப் பார்த்தாள்.
இன்னொரு மீனை எடுத்து மேலே வைத்தாள்,
பிறகு இன்னொன்று.
எண் எங்கேயோ ஓடியது.
"விலை அரைக் கிலோவுக்குத்தான்.
எழுதிக்கொள் புகாரை, ஆய்வாளரே."

சட்டைப் பையில் கண்ணாடி இருந்தது.
எடுக்கவில்லை.