நாலாம் வரிசையில் ஒரு கட்டம்

காலை ஐந்துக்கே சுண்ணாம்புப் பொடி தூவி
புல்வெளியில் கோடு போட்டோம்.
எழுநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்.
கயிற்றின் மறுமுனையை லுவ்சான் பிடித்திருந்தான்.
அவன் கொட்டாவி விட்ட இடங்களில்
கோடு வளைந்திருக்கும், பாருங்கள்.

உலான்பாத்தரிலிருந்து நாதாம் பந்தயம் பார்க்க
முதலில் வந்து சேர்ந்தவர்
கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி,
இதில் எங்கே நிறுத்தினாலும் ஒன்றுதானே?

நியாயமான கேள்வி.
ஒன்பது மணிக்கு அவரே திரும்பி வந்தார்.
என் வண்டியைக் காணோம்.
என்ன வண்டி?
வெள்ளை ப்ரியஸ்.
சுற்றிலும் பார்த்தேன்.
வெள்ளை ப்ரியஸ்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து
என்னைப் பார்த்தன.
சாயங்காலம் வாருங்கள், கூட்டம் கலைந்ததும்
தானாகத் தெரியும் என்றேன்.

ஜப்பானிலிருந்து வந்த வண்டிக்கு
ஸ்டியரிங் வலப்பக்கம்.
மற்றதுக்கு இடப்பக்கம்.
தூசியில் எது எது என்று தெரியாமல்
எத்தனையோ காலி இருக்கைகளுக்குக் குனிந்து
மரியாதையாக வழி சொல்லியிருக்கிறேன்.

எல்லோருக்கும் பக்கத்தில் இடம் வேண்டும்.
பக்கம் என்பது பத்து வண்டிதான் கொள்ளும்.
மாமியாருக்கு முழங்கால் வலி என்பார்கள்.
மாமியார் இறங்கி ஓட்டமாய் ஓடுவார்
பொரித்த கூஷூர் விற்கும் கூடாரத்துக்கு.

நாலாம் வரிசையில் ஒரு கட்டத்தை மட்டும்
நாங்களே அடைத்துவைத்திருந்தோம்.
அதன் நடுவில் தார்பகன் வளை;
கொழுத்த அணில் மாதிரி ஒன்று உள்ளே குடியிருக்கிறது.
வளையின் வாயருகே என் தொப்பியை வைத்து
மேலே ஒரு கல்லும் வைத்தேன்.
காலியாகத்தானே இருக்கிறது என்று
கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்:
ஆள் இருக்கு.

பதினொன்றரைக்குக் குன்றுக்கு அப்பால்
தூசி எழுந்தது.
வண்டிக் கூரைகளில் ஏறி நின்றார்கள்.
நான் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
யாராவது தாமதமாய் வருவார்கள் என்று.

வந்தது.
எல்லைக்கோட்டுப் பக்கம் போகாமல்
வரிசைகளுக்கு நடுவே நேராக,
நெஞ்செல்லாம் நுரையோடு
ஒரு செம்பழுப்புக் குதிரை.
பழக்கதோஷம். என் இரண்டு கையும் எழுந்தன.
வா, வா, கொஞ்சம் இடப்பக்கம்,
போதும், நில்.
நின்றது.
தொப்பியைத் தாண்டி, கல்லைத் தாண்டி
இரண்டு வண்டிகளுக்கு நடுவில்
மனிதர் யாரும் அன்று நிறுத்தாத நேர்த்தியோடு.

பக்கத்துக் கூரையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரிக்கப் போனேன்.
அப்போதுதான் பார்த்தேன்,
சேணம் வயிற்றுக்குச் சரிந்திருந்தது.
மேலே யாரும் இல்லை.

நூற்றுமுப்பத்தொன்று என்று துணியில் எண்.
வாக்கிடாக்கியில் சொன்னேன்:
குதிரை இங்கே இருக்கிறது. பிள்ளை?
காலையிலிருந்து ஓயாமல் கேலி பேசிய லுவ்சான்
பேசவில்லை.
வெறும் இரைச்சல்.
குதிரையின் மூச்சு பட்டுப் பட்டு
ஒரு காரின் கண்ணாடி மங்கித் தெளிந்தது,
மங்கித் தெளிந்தது.
கடிவாளத்தைப் பிடித்திருந்தேன்.
அதன் நடுக்கம் என் தோள்வரை ஏறியது.
இத்தனை பேருக்கு இடம் காட்டிய கை
எந்தத் திசையில் நீட்டுவது என்று
தெரியாமல் இருந்தது.

பதினோரு நிமிடம்.
துல்மா, கேட்கிறதா?
பையன் எட்டாம் கிலோமீட்டர் கல்லருகே
உட்கார்ந்திருக்கிறானாம்.
கை கால் சரியாக இருக்கிறதாம்.
குதிரை என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது
என்றுதான் அழுகிறானாம்.

குதிரைக்காரர் மூச்சிரைக்க வந்தார்.
வாசல் பலகையில் எழுதியிருந்த கட்டணத்தைப் படித்து
பையில் கைவிட்டார்.
வேண்டாம் என்றேன்.
நின்றதற்குக் கொடுப்பதுதான் முறை என்று
கசங்கிய ஐயாயிரம் துக்ரிக் தாளை
என் தொப்பிக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

வரும்போது மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டவர்கள்
போவதற்கு மூன்று நிமிடம் கேட்டார்கள்.
ஹாரன், தூசி, வசவு,
ஒரு குழந்தை மறந்துவிட்ட ஒற்றைச் செருப்பு.
எட்டு மணிக்குக் கோடுகள் மட்டும் இருந்தன.
கோடுகளும்,
ஒரே ஒரு வெள்ளை ப்ரியஸும்.

காலையில் வந்தவர் தூரத்திலிருந்தே
சாவியை நீட்டி அழுத்தினார்.
பக்கத்தில் வந்து அழுத்தினார்.
எண்பலகையைக் குனிந்து பார்த்தார்.

இது என்னுடையது இல்லை என்றார்.