இருபத்து நான்கு புள்ளி ஆறு

வெருலத்தில், டாக்ஸி நிலையத்தைப் பார்த்த வரிசையில்
இடப்பக்கம் என் மசாலாக் கடை.
வலப்பக்கம் யுவஷேன் வேலை பார்க்கும் வேப் கடை.
நடுவே பலகைச் சுவர்.
அந்தப் பக்கத்து மாம்பழப் புகையும் என் வறுத்த மல்லியும்
பகலெல்லாம் அதன் விரிசலில் எல்லைச் சண்டை போடும்.

கிராம்பு நிறுக்கும் தராசு என்னுடையது,
புள்ளிக்குப் பின்னும் இலக்கம் காட்டும்.
திங்கட்கிழமை அதைத் தேடி வந்தான்,
கையில் புதுப் பேட்டரி ஒன்று.
"அக்கா, இதைக் கொஞ்சம் நிறுத்துப் பாருங்க."

பேட்டரிக்கு எதற்குத் தராசு என்று கேட்கவில்லை.
தம்பி கோகிலனின் தொடையைப் பார்த்தவள் நான்.
கால்சட்டைப் பையில் சாவிக்கொத்து,
கூடவே டப்பா இல்லாத வெறும் பேட்டரி.
டாக்ஸி ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியது.
சாவி சாய்ந்து இரண்டு முனையையும் தொட்டது.
தீபாவளிக்குப் பத்து நாள் இருந்ததால்
எவனோ வண்டிக்குள் வெடி போட்டான் என்று
எல்லோரும் அவனையே திட்டினார்களாம்.
ஒட்டுப் போட்ட தோல் இன்றும்
தோசைக் கல்லில் தீய்ந்த ஓரம் மாதிரி.

தராசு சொன்னது: 24.6.
உறையில் தங்க எழுத்து சொன்னது: 9900.
"நல்ல செல் நாற்பத்தைந்து கிராம் இருக்கும்.
இந்த உருவத்தில் நாலாயிரத்தைத் தாண்டி
எவன் எழுதினாலும் புளுகு" என்றான்.
உள்ளே என்ன இருக்கும்?
சுண்டுவிரல் அளவு செல்லும் மீதிக்கு மாவுமாக இருக்கலாம்.
அறுத்துப் பார்க்க முடியாது,
அறுத்தால் அது நம்மை அறுக்கும்.

மஞ்சளில் மாவு கலந்தால் என் நாக்கு சொல்லிவிடும்.
இதற்கு நாக்கு இல்லை.

முதலாளி ஃபோனில் சொன்னது இரண்டே வார்த்தை: விற்றுத் தீர்.
பெட்டியில் வந்தது இருபது, மிச்சம் எட்டு.
யுவஷேன் எட்டின் முனைகளிலும் டேப் ஒட்டினான்,
பிறகு உட்கார்ந்து பன்னிரண்டு பேரைத் தேடத் தொடங்கினான்.

டாக்ஸி ஓட்டும் சிபுசிசோ இரண்டு கொண்டுவந்தார்.
இரட்டைச் செல் கருவி அவருடையது.
ஒன்றாக வாங்கி, ஒன்றாகச் சார்ஜ் ஏற்றி,
ஒன்றாகவே கழிக்க வேண்டும், மாற்றி ஜோடி சேர்க்கக் கூடாது.
கல்யாணத்தில்கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது.
மிஸஸ் பெருமாள் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றித் தந்தாள்,
மகனுடையது என்றாள்.
அவளுக்கு மகள்கள் மட்டும்தான், எனக்குத் தெரியும்.
ஒருவன் அதை மின்வெட்டு விளக்கில் போட்டிருந்தான்.
ஒருவன் இரவெல்லாம் தலையணைப் பக்கத்தில் சார்ஜ் போடுகிறானாம்,
உறை கிழிந்து உலோகம் தெரிந்தது,
சிரித்துக்கொண்டே கொடுத்தான்.
வெள்ளிக்கிழமைக்குள் பதினொன்று.

பன்னிரண்டாவதை விற்றவன் சனிக்கிழமைப் பையன்.
பெயர் எழுதவில்லை. நோட்டில் "ரொக்கம்" என்று மட்டும்.
"எந்தப் பாக்கெட்டில் கிடக்கோ" என்றான் யுவஷேன்.
கொத்தமல்லியைச் சலித்துக்கொண்டே
"ஆமாம்" என்றேன்.

அன்று ஆறு மணிக்கு மின்சாரம் போனது.
ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
தராசுக்கு மின்வெட்டு கிடையாது,
அதற்குள்ளும் இரண்டு பேட்டரி.
கைப்பையின் அடியில்,
வீட்டுச் சாவிக்கும் சில்லறைக்கும் நடுவே
கை நேராகவே போனது.
சிகரெட்டை விட்டு நாலு மாதம்.
பிடித்ததும் தெரியாது, விட்டதும் தெரியாது,
கோகிலனுக்கு எதுவுமே தெரியாது.

நீல எழுத்து இருட்டில் நிதானமாக வந்தது.
24.6.
ஊரார் பேட்டரியெல்லாம் நிறுத்த தராசு.

டேப்பைத் தேடி எடுத்து இரு முனையிலும் ஒட்டினேன்.
பிறகு பலகைச் சுவரை இரண்டு முறை தட்டினேன்.
"யாரு?" என்றான், தன் சுவர் பக்கத்துக்காரி யாரென்று தெரியாதவன் போல.
"பன்னிரண்டாவது" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"என்ன ஃப்ளேவர் அக்கா?"
"மாம்பழம்."