ஏழு தசம் நாலு

மல்லாவி ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி இருமி எழும்பும்வரை
ஊதா மூடிக் குழாயை
உள்ளங்கையில் சாய்த்துச் சாய்த்துப் பிடித்திருந்தேன்.
பெயர்ச்சீட்டில்: வதனரூபி, நாற்பத்துமூன்று, பாலிநகர்.

இயந்திரம் உறிஞ்சியது, எண்ணியது, துப்பியது:
ஈமோகுளோபின் ஏழு தசம் நாலு.

யன்னலடியில் நின்று கேட்டாள்,
"என்ன தம்பி, குறைவோ?"
"இரும்பு காணாது அக்கா."
சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.
"எனக்கோ? இரும்பு காணாதோ?
முதுகில ஒண்டு கிடக்கு, எக்ஸ்ரேயைப் பாரும்.
பழைய இரும்புக்காரன் கண்டால்
என்னையும் தராசில ஏத்துவான்."

பார்த்தேன்.
இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே,
புளியங்கொட்டை அளவில்,
வெள்ளையாய், ஓரம் பிய்ந்த செல் துண்டு.
இரண்டாயிரத்து ஒன்பது, மாசி என்றாள்.
இடம் நான் கேட்கவில்லை.

கணக்குப் பார்ப்பது என் தொழில்.
ஒரு பெண்ணின் உடம்பு முழுவதையும் வழித்தெடுத்தால்
மூன்று கிராம் இரும்பு தேறும்,
தகரத்துக்கு அடிக்கிற ஆணி ஒன்று.
இந்தத் துண்டு நாலு கிராமாவது வரும்.
தனக்குத் தேவையானதைவிடக் கூடச் சுமந்துகொண்டு
படலையிலிருந்து கிணற்றடிக்கு நடக்க
இரண்டு தரம் குந்துகிறாள்.

"அதை உடம்பு கரைச்சு எடுக்காதோ தம்பி?"
நான் சிரித்துவிட்டேன்.
றோட்டில் ஒரு லொறி
ஒலிபெருக்கியில் பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனது.

சிரித்தது பிழையென்று இரவு விடுதியில் பட்டது.
நல்ல கேள்வி அது.

செங்குழியம், தன் கருவைத் துப்பிவிட்ட கலம்.
இடம் போதாதென்று ஏட்டையே வெளியில் எறிந்துவிட்டு
இருபத்தேழு கோடி ஈமோகுளோபினை அடைத்துக்கொள்கிறது.
ஒவ்வொன்றிலும் நாலு சங்கிலி, மடிந்து மடிந்து.
ஒவ்வொரு மடிப்பின் இடுக்கிலும் ஒரு வளையம்.
வளையத்தின் நடுவில்
நாலு நைதரசன் பிடித்து நிற்க
ஒரேயொரு இரும்பணு.
ஒட்சிசன் வந்தால் இருத்தும், துருப்பிடிக்காது.
அந்த மடிப்பெல்லாம் அதற்காகத்தான்.
ஒன்று இருந்ததும் மற்ற மூன்றும் இளகும்,
துணுக்காய் பஸ்ஸில் ஒருவர் அரக்க
வரிசையே அரக்குவதுபோல.
இழையத்துக்குப் போனதும் இறக்கிவிடும்.
பிடிக்கத் தெரிந்த இரும்பு எங்கும் உண்டு,
விடத் தெரிந்தது இது.

இதற்கு வாசல் குடலில்.
அணு அணுவாகத்தான் வரலாம்.
உள்ளே வந்தபின் தனியே திரியக்கூடாது,
கூட்டிப்போக ஒரு புரதம் வேண்டும்,
தங்கவைக்க இன்னொரு புரதம் வேண்டும்.
ஓமந்தையில் வரிசையில் நின்ற எவருக்கும்
இதை நான் விளக்கத் தேவையில்லை.
ஈரலிலிருந்து ஒரு துக்கடாப் புரதம் வந்து வாசலைப் பூட்டும்.
எங்காவது காயம், வீக்கம் என்றால்
இன்னும் இறுக்கிப் பூட்டும்.

துண்டு அந்த வாசலால் வரவில்லை.
முதுகால் வந்தது, கேளாமல்.
உடம்பின் பதிவேட்டில் அது இரும்பே அல்ல.

ஆனாலும் உடம்பு சும்மா இருக்கவில்லை.
துண்டைச் சுற்றிக் கொலாஜன் திரித்தது.
மூன்று புரிக் கயிறு.
ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசீன்,
அமினோ அமிலங்களில் ஆகச் சின்னது.
அதைவிடப் பருத்தது அங்கே வந்தால் புரி பொருந்தாது.
கயிறு இறுக விற்றமின் சீ வேண்டும்.
உப்பில்லாக் கஞ்சி மட்டும் கிடைத்த அந்த மாதங்களில்
அவளுடைய கலங்கள் அதை எங்கே தேடின?
எனக்குத் தெரியாது.
பாடப் புத்தகத்திலும் இல்லை.
கட்டி முடித்திருக்கின்றன.

அடுத்த கிளினிக்கில் சொன்னேன்,
"கரைக்காது அக்கா. கரைஞ்சாலும் நஞ்சு.
குளிசையைத் தேத்தண்ணியோட போடாதேங்கோ,
தேசிக்காய்த் தண்ணியோட போடுங்கோ."
"அப்ப அது சும்மாவோ கிடக்குது?"
"சும்மாதான்."
"வாடகையும் இல்லாமல்."

இரண்டு மாதம் கழித்து எட்டு தசம் ஒன்பது.
தாளை வாங்கினாள்,
கழுத்தை இடப்பக்கம் திருப்பி
தன் முதுகிடம் சொன்னாள்:
"பாத்தியே, தேசிக்காய் தந்தது.
நீ ஒண்டும் தரேல்லை."