நாடாவின் பூச்சிய முனை

ஈட்டி எறிதலை அளக்க இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் வளைகோட்டில் நின்று இலக்கத்தை வாசிப்பார்.
மற்றவர் ஈட்டி தொட்ட மண்ணில்
நாடாவின் பூச்சியத்தை அழுத்திப் பிடிப்பார்.
பதினேழு வருடம் நான் பூச்சியம்.

தம்பிலுவில் பள்ளிக்கூட மைதானத்தில் முதல் எறி:
மூங்கில், நுனியில் பட்டறை இரும்பு.
பத்தொன்பது மீற்றர் நாற்பது.
படுத்திருந்த மாடொன்று எழும்பி
மரியாதையாய்த் தள்ளிப் போய்ப் படுத்தது.
"இன்னொருக்கா எறியவா கா?" என்றாள் ரூபவதனி.
மறுகா அவள் நிறுத்தவேயில்லை.

குத்தி நிற்கத் தேவையில்லை,
முனை முதலில் தொட்டால் போதும்.
விதிப்புத்தகத்தில் எனக்குப் பிடித்த வரி அது.

சண்டை நடந்த வருடம்
மாகாணப் போட்டிக்கு மட்டக்களப்புப் போனோம்.
சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள்.
படுக்கைவிரிப்பில் சுற்றிய ஏழடி நீளம்
என்ன என்று சிப்பாய் கேட்டான்.
எங்களிடமிருந்த சிங்களம் அதுக்குக் காணாது.
எறிந்து காட்டு என்று கையால் சொன்னான்.

செருப்பைக் கழற்றினாள்.
தார் சுட்டது.
நாலே எட்டு.
கம்பிவேலிக்கு மேலால் போனது ஈட்டி.
கச்சான் பின்னால் நின்று தள்ளியது.
தரிசில் இறங்கி வால் நடுங்கி நின்றது.

சிப்பாய் விசிலடித்தான்.
மீன்கூடைக்காரி ஒருத்தி கையைத் தட்டினாள், பிறகு பஸ் முழுக்க.
நான் பழக்கதோசத்தில் நாடாவை எடுத்துக்கொண்டு
வேலியில் கால் வைத்தேன்.
அவன் என் கொலரைப் பிடித்து இழுத்தான்.
மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையை
அப்போதுதான் பார்த்தேன்.

இரவல் ஈட்டியில் அன்று ஐந்தாமிடம்.

பிறகு வந்தவை நாடா சொன்னவை:
முப்பத்தெட்டு பன்னிரண்டு.
நாற்பத்தொன்று பதினாறு, தேசியத்தில் மூன்றாமிடம்,
பத்திரிகையில் அவள் பெயர் ரூபவர்த்தினி.
நாற்பத்தாறு எட்டு.
மாகாணச் சாதனையாய்ப் பதினொரு மாதம் இருந்தது
கிண்ணியாப் பிள்ளையொருத்தி தூக்கிக்கொண்டு போகும்வரை.
கிழிந்த தோள்.
கலியாணம்.
மகள்.
மகளைத் தூக்கித் தூக்கித் தோள் சுகமாயிற்று என்பாள்.
வைத்தியர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் தொலைக்காட்சியில் கரீபியன் பெண்ணொருத்தி
மழைக்குள் ஓடி வந்து எறிந்தாள்.
அவளுடைய தீவில் எங்கட நாலைந்து ஊர்ச் சனம்தான் இருக்குமாம்,
வருடா வருடம் புயலாம்.
"முழங்கையப் பாரு, காதோட ஒட்டி வருது" என்றாள் ரூபவதனி.
பருப்பு அடிப்பிடித்தது.
அந்தப் பெண் ஆறாமிடம்.
இருவரும் இரவு முழுக்க அவளைப் பற்றியே பேசினோம்.

கடைசிப் போட்டியில் மூன்று எறி.
மூன்றும் தட்டையாய் விழுந்தன.
மூன்று முறையும் சிவப்புக்கொடி.
எனக்குக் குனியவே வேலை வரவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்து இறங்கினாள்.
சாவடி இருந்த இடத்தில் இளநீர்க்கடை.
தரிசில் இப்போது சோளம்.
நடுவில் ஒரு வெருளி,
தலைக்குச் சட்டி,
முதுகெலும்புக்கு அவளுடைய ஈட்டி.

கண்ணிவெடி கிளறியவர்கள் வரம்பில் போட்டுவிட்டுப் போனதாம்.
தான்தான் எடுத்து நட்டேன் என்றார் தோட்டக்காரர்,
எந்த இடத்தில் கிடந்தது என்று ஞாபகமில்லை.
தெருவையும் அகலித்துவிட்டார்கள்.
எங்கே நின்று எறிந்தாள் என்று எங்களுக்கும் தெரியாது.
ஐம்பதுக்கு மேல் என்று ஊரில் சொல்வார்கள்.
எனக்கு நாற்பத்துமூன்று, அதுவும் காற்றோடு.

அளப்பம் என்றாள்.

வெருளியின் காலடியில் பூச்சியத்தை அழுத்தினேன்.
சோளத்துக்குள்ளால் நாடாவை இழுத்துக்கொண்டு
தெருவோரம் போய் நின்றாள்,
குனிந்தாள், வாசித்தாள்.
"எவ்வளவு?" என்று கத்தினேன்.
கல்முனை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.
அவள் வாய் அசைந்தது.

வெருளியின் சட்டை காற்றில் உப்பியது.
நான் இன்னும் விரலை எடுக்கவில்லை.