எழுபத்தெட்டு

மெச்சூக்கே தீவைத் தாண்டி
வேகம் கூட்டியதும் கத்தத் தொடங்கும்.
சிவப்பு விளக்கு, கூடவே அந்த ஒற்றைச் சுருதி:
கொதிக்குது, கொதிக்குது.

முதல் நாள் நிஜமாகவே பயந்தோம்.
ரெமிகியோ எஞ்சினை அணைத்தான்.
இருநூறு மூட்டை மட்டியோடு
நீரோட்டம் எங்களைப் பாறைப் பக்கம் இழுத்தது.
நங்கூரம் பிடிக்கும்வரை
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
இரண்டாம் நாள் வேகத்தை மட்டும் குறைத்தோம்.
மூன்றாம் நாள்
ஒலிப்பானின் வாயில் கம்பளிக் காலுறையைத் திணித்துவிட்டு
ரெமிகியோ மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

புலி வருது, புலி வருது.
இந்தத் தீவுகளில் புலி கிடையாது.
அதனால் என்ன.

இன்று தால்காவே துறையில்,
ஜூலை மழை பக்கவாட்டில் அடிக்க,
பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கினேன்.
படகின் பெயர் லா போர்ஃபியாடா,
பிடிவாதக்காரி.
பெயர் வைத்தது நான்தான்.

குளிர்நீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தால்
விளிம்புவரை பச்சை.
புகைக்குழாய் வழியே கடல்நீர் தாராளமாகக் கொட்டுகிறது.
வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் கூட்டின்மேல் குறிவைத்தேன்.
எழுபத்தெட்டு.
துடைத்துவிட்டு இன்னொரு முறை.
எழுபத்தெட்டு.
உடம்பில் காய்ச்சல் இல்லை,
பிதற்றல் மட்டும் இருக்கிறது.

"சென்சாரை மாத்திடு ஒடிலியா"
மேலிருந்து ரெமிகியோ.
மாற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்தது அவனுக்கு.
புவேர்த்தோ மோன்டிலிருந்து வந்துசேர நான்கு நாள்,
விலை கேட்டால் அவனே உட்கார்ந்துவிடுவான்.

கழற்றினேன்.
துளையில் ஒரு கட்டையை அடித்துவிட்டு
மட்டி வேகவைக்கும் பானையில் அதைத் தொங்கவிட்டேன்,
நுனி மட்டும் நீரில்,
மீட்டரின் இரு முனைகளும் மேலே பித்தளையைக் கடித்தபடி.
எழுபது. எண்பது. வாய் திறக்கவில்லை.
தொண்ணூறு. அடியில் குமிழிகள் கிளம்பின.
அப்போதும் இல்லை.
தொண்ணூற்றாறில்
மீட்டர் கீச்சிட்டது.
ஆறவிட்டேன், அடங்கியது.
மறுபடி அடுப்பு, மறுபடி தொண்ணூற்றாறு.

ரெமிகியோ ஒன்றும் சொல்லவில்லை.
பானை நீரைக் கடலில் ஊற்றிவிட்டு
காலி மாத்தேயை உறிஞ்சினான்.

சென்சாரைத் திருகி மாட்டினேன்.
கம்பியை மட்டும்
எதையும் தொடாமல் காற்றில் விட்டேன்.
கயிறுகளை இறுக்கிக் கட்டி
எஞ்சினைக் கிளப்பச் சொன்னேன்.
ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு.
ஆயிரத்து எண்ணூறில்
கத்தியது,
காலுறைக்குள்ளிருந்து, மூக்கடைத்த குரலில்.
முனையில் யாருமே இல்லாத கம்பி.

அணைத்துவிட்டு விரலால் தடவிக்கொண்டே போனேன்.
எண்ணெய் வடிகட்டிக்குப் பின்னால்,
ஆல்டர்னேட்டருக்கு அடியில்,
கண்ணுக்கு எட்டாத, கை மட்டும் நுழையும் சந்தில்
ஓர் இரும்புக் கிளிப்.
போன மார்ச்சில்
கம்பிகள் தொங்குகின்றன, அசிங்கமாயிருக்கிறது என்று
நானே போட்டது.

அதன் அடியில் ரப்பர் உறை
அரிசி அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது.
உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.
எஞ்சின் நடுங்கும்போதெல்லாம் அது இரும்பைத் தொட்டுத் தொட்டு
மூன்று நாளாகப் புகார் சொல்லியிருக்கிறது.
என்மேல்தான்.

வெட்டி, சுரண்டி, புதுத்துண்டு சேர்த்து,
ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன்.
காலுறையை உருவினேன்.
சாவியைத் திருப்பி
கம்பியின் முனையை வேண்டுமென்றே எஞ்சினில் வைத்தேன்.
துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
பக்கத்துப் படகின் பாட்ரிசியோ கெட்டவார்த்தை சொன்னான்.
இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
தேவைப்படும் நாளில் இதற்குத் தொண்டை இருக்கவேண்டும்.

"என்ன கோளாறு?" என்றான் ரெமிகியோ.
கிளிப் என் பாக்கெட்டில் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.
"எலி" என்றேன்.

மறுநாள் மெச்சூக்கேயைத் தாண்டினோம்.
ஆயிரத்து எண்ணூறு.
எரியாத விளக்கை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ரெமிகியோ எங்கிருந்தோ பிடித்துவந்த சாம்பல்நிறப் பூனை
எஞ்சின் பலகையின் சூட்டில் படுத்து
காலை நக்கிக்கொண்டிருந்தது,
வேலை எதுவும் இல்லாமல்.