ஒள்ளுப்பம்

முதல் கலியாணத்தை நீலமாக்கிவிட்டேன்.
ஏழு மணிக்கு மடிக்கணினி
தானாகவே மஞ்சளாகும் என்று
எனக்கு யார் சொன்னார்கள்?
இரவு ஒளியாம். கண்ணுக்கு நல்லதாம்.
திரை மஞ்சளாக மஞ்சளாக
நான் நீலம் ஊற்றினேன்
விடியும்வரை, நூற்றுப் பதினாறு படங்களுக்கு.
அச்சாகி வந்த ஆல்பத்தில்
மாப்பிள்ளை இருந்தார்,
பக்கத்தில் பட்டுடுத்து ஒரு நீலக்கால் நண்டு.
சுகிர்தன் அண்ணர் ஏசவில்லை.
அச்சுக்கூலியைச் சம்பளத்தில் கழித்தார்.

இது இரண்டாவது.
களுவாஞ்சிகுடி, தர்மினியின் கலியாணம்.
இரவு ஒளியை அணைத்தேன்.
யன்னல் சீலையை இழுத்து மூடினேன்,
கல்லடி வெயில் பட்டால்
சுவரும் பொய் சொல்லும்.

முதலில் வெள்ளையைத் தேடு என்கிறது பாடம்.
மண்டபத்தில் வெள்ளை ஏது?
டியூப்லைட்டுக்குக் கீழே வேட்டி பாசி நிறம்.
வீடியோக்காரரின் விளக்கில் மல்லிகை தேன் நிறம்.
கடைசியில் ஐயரின் தோளுக்குப் பின்னால்
ஒரு பிளாஸ்டிக் கதிரை.
அதன் முதுகில் வைத்து அழுத்தினேன்.
வாழையிலை வாழையிலையானது.
கூறை தன் சிவப்புக்குத் திரும்பியது.

அதுவரை திருத்தம். மறுகாதான் விருப்பம்.
நிழலுக்குள் கடற்பச்சை விட்டேன்,
வெளிச்சத்தில் செம்மஞ்சள்.
சினிமா மாதிரி வந்தது.
ஆசையில் இன்னும் இழுத்தேன்,
வெற்றிலைத் தட்டம் செத்த மீனாய்ப் போனது.
நாற்பது, இருபது, எட்டு.
எட்டில் நின்றேன்.
எங்கட ஊரில் எட்டுக்குப் பெயர்
ஒள்ளுப்பம்.

அதே சொல் வாட்ஸ்அப்பில் வந்தது,
பெரியம்மாவின் குரலில், மூன்று தரம்:
"பொம்பிளைய ஒள்ளுப்பம் வெள்ளையாக்கி விடு கா."

செம்மஞ்சளின் ஒளிர்வை ஏற்றினேன்.
முகம் வெளுத்தது, கழுத்து வெளுத்தது,
கையில் ஏதோ ஒன்று காணாமற் போனது.
இறக்கிப் பார்த்தேன்.
இடது மணிக்கட்டில்
காப்புகள் விலகிய இடத்தில்
ஒரு மணிக்கூட்டின் அகலத்துக்கு
வெளிறிய பட்டை.

முற்பணம் தர வந்த அன்று
வெல்லாவெளி வரப்பிலிருந்து நேரே வந்தவள்,
சப்பாத்தில் சேறு,
தோளில் நில அளவைத் திணைக்களத்தின் முக்காலி.
ஆறு வருடம் ஊரார் எல்லையை அவள் அளக்க
வெயில் அவள் கையில்
தன் எல்லையைப் போட்டிருக்கிறது.

ஏற்றினால் கோடு இல்லை.
இறக்கினால் இருக்கிறது.
ஏற்றி, இறக்கி, ஏற்றி,
கரண்ட் போய், வந்து,
இறக்கி.

இரண்டு பிரதி செய்தேன்.
வெளுத்ததைப் பெரியம்மாவுக்கு.
ஒளிர்வு பூச்சியத்தில் நின்றதைத் தர்மினிக்கு,
மணிக்கட்டுத் தெரிய.

இரண்டு சரிகளும் நீலமாயின.
பதில் இல்லை.
கதிரைக்கு நன்றி சொல்லி ஒரு தேத்தண்ணி குடித்தேன்.
மறுகா வந்தது:
"இப்படி ஒரு அடையாளம் இருக்கெண்டு
எனக்கே தெரியாது.
இத பெரிசா அடிச்சுத் தாங்க.
பெரியம்மாட்ட சொல்லிராதீங்க."

பெரியம்மாவின் நாலாவது குரற்பதிவை
இன்னும் திறக்கவில்லை.