பதினெட்டு கிராம்

அரவை மெஷினோடு வந்த ஹாப்பர்
கால் கிலோ கொட்டை கொள்ளும்.
கல்யாண வீட்டுப் பாத்திரம்.
எனக்கு வேண்டியது ஒரு வேளைக்கு, ஒரு டம்ளருக்கு.
கழற்றிப் பரணில் போட்டேன்.

முதல் கூம்பை வரைந்தது ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்.
மூச்சு மெஷின் ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு
பாகம் வரக் காத்திருந்த மத்தியானம்,
வேலைச் சீட்டின் பின்பக்கத்தில்.
நாற்பது டிகிரிச் சரிவு.

அச்சடித்துத் தருவது வண்ணார்பேட்டை மாலிக்.
பிரியாணிக் கடை மாடியில் அவன் பிரிண்டர்.
நூல் உருகும் வாசத்தில்
பட்டையும் கிராம்பும் ஏறி வரும்.
இருநூற்றுப் பன்னிரண்டாவது அடுக்கில்
கரண்ட் போய்விட்டது.
"அரைக் கூம்புதான் அண்ணாச்சி.
சிகரெட் தட்ட வச்சுக்கிடும்."

இரண்டாவது முழுசாய் வந்தது.
கடைசி இரண்டு கொட்டை மட்டும்
மேலேயே உட்கார்ந்துகொண்டன,
ஸ்டாப் வந்தும் எழும்பாத ஆட்கள் மாதிரி.
சரிவை நாற்பத்தெட்டாக்கினேன்.
இப்போது இறங்கின, ஆனால் துள்ளின.
தலைக்கு மேல் பாரம் இல்லாத கொட்டை
பல்லில் சிக்காமல் எகிறும்.
ஒன்று ஜன்னல் தாண்டிப்
பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் சீட்டில் விழுந்தது.
அதனால் ஒரு மூடி.
மூடிக்கு நடுவில் ஒரு துளை.
துளைக்கு மேல் ஊதுபை.

ஜங்ஷனில் ஆட்டோ ஹாரன் பல்பு வாங்கி மாட்டினேன்.
ஒரு வாரம் டயர்க்கடையைக் குடித்தோம்.
பிறகு ஒரு ராத்திரி டூட்டியில்,
கழித்துக்கட்டிய பி.பி. மெஷின் பெட்டிக்குள்
கை தானாகப் போனது.
உள்ளங்கைக்கென்றே செய்த உருண்டை,
காற்றை ஒரு பக்கம்தான் விடும்.
எழுதிக் கொடுத்துத்தான் எடுத்தேன்.
மூன்று அமுக்கு.
தொண்டையில் நின்ற தூள்
இருமிக்கொண்டு வெளியே வந்தது.

ஆனிக் காற்று தொடங்கிய அன்று
உமியெல்லாம் கிண்ணத்தின் வெளிப்பக்கம் ஏறி ஒட்டியது.
கரண்டிக் காம்பை நனைத்துக்
கொட்டையில் ஒரே ஒரு சொட்டு.
அடங்கிவிட்டது.

அடங்காதது கணக்கு.
பதினெட்டு போட்டால் பதினேழு புள்ளி ஏழு.
மூன்று கூம்பு மாற்றியும், நாலு மாற்றியும்
அதே பதினேழு புள்ளி ஏழு.
உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டு கிடக்கிறது,
நாளைக்கு வரும்.
வரும்போது அதற்கு நேற்றின் ருசி இருக்கும்.
ராத்திரி படுத்தால் அந்தத் தூள்தான்
இருட்டுக்குள் பல்லிடுக்கில் தெரிந்தது.
"மூணு புள்ளிக்கு எத்தன பைசா வருது?"
என்று கேட்டாள் கோமு.
கணக்குப் போட்டேன். சொல்லவில்லை.

ஏழாவது கூம்பிலும் அதே மூன்று குறைந்த பிறகுதான்
தராசு மேல் சந்தேகம் வந்தது.
ஆஸ்பத்திரியில் முதலில் சந்தேகப்படுவது அளவுக் கருவியைத்தான்.
அடுக்களையில் அந்தப் புத்தி வரவில்லை.
படிக்கல் இல்லை.
பித்தளை நிற ஐந்து ரூபாய் ஆறு கிராம்,
சட்டைப்பையில் மூன்று கிடந்தன.
அடுக்கி வைத்தேன்.

பதினெட்டு.
கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
பதினேழு புள்ளி ஒன்பது.
யாரும் தொடவில்லை. ஃபேனை நிறுத்தியிருந்தேன்.
பதினேழு புள்ளி எட்டு.
பெருமாள்புரம் முழுக்க வெயில்,
எங்கோ குக்கர் ஒன்று கூவி ஓய்ந்தது.
காசு வைத்தது வைத்தபடி இருக்க
எண் மட்டும் இன்னும் ஒரு படி இறங்கிப்
பதினேழு புள்ளி ஏழில்
கால் நீட்டி உட்கார்ந்தது.

கோமு வந்தாள்.
மூன்று காசையும் பொறுக்கிக்கொண்டாள்.
"கடையில ஒரு காபி இம்புட்டுத்தான்.
பால் வாங்கிட்டு வாரேன்."
கதவு சாத்தும் சத்தம்.

காலித் தட்டில் எண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது:
கழித்தல் புள்ளி மூன்று.
ஒன்றுமே இல்லாததிலும் மூன்று குறைகிறது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எட்டாவது கூம்புக்கு
நாற்பத்தொன்பது டிகிரி போட்டுப் பார்க்கலாம்.